தேயிலைக்குப் புகை ஆகாது

"விறகடுப்புச் சமையல்" என்று போனில் தேடிப் பாருங்கள். மண்சட்டி, ஊதுகுழல், பின்னால் ஒரு புல்லாங்குழல் இசை, "அந்தக் காலத்து ருசியே தனி" என்று கீழே நானூறு கமெண்ட். அதே கையோடு இன்னும் ரெண்டு தரம் தள்ளினால் நுவரெலியாப் பக்கம் ஏதாவது ஒரு பழைய பங்களா வரும். வெளியே மூடுபனி, உள்ளே கருங்கல் ஃபயர்ப்ளேஸில் விறகு எரிகிறது, சோபாவில் கால் நீட்டி ஒருவர் தேத்தண்ணி குடிக்கிறார். ரெண்டையும் லைக் பண்ணிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

முதல் வீடியோ திறந்த வெளியில் எடுத்தது, புகை காற்றோடு போய்விடும். ரெண்டாவதில் புகை கண்ணிலேயே படாது, ஏனென்றால் அதற்கென்று சுவருக்குள் ஒரு வழி கட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வீடியோவை யாரும் எடுப்பதில்லை. லயத்துக் காம்பராவுக்குள் காலை நாலரை மணிக்கு மிலாறு பற்ற வைத்து ரொட்டி சுடுகிற வீடியோ. எடுத்தாலும் ஒன்றும் தெரியாது, லென்ஸே மங்கிவிடும்.

நான் சண்டை பிடிக்க வந்தது அந்த மூன்றாவது அடுப்புக்காக.

முதலில் தேயிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபெக்டரியில் வேலை செய்கிற யாரையாவது கேளுங்கள், தேயிலைக்கு ஆகாத விஷயங்களில் புகையும் ஒன்று என்பார்கள். கொழும்பில் தேயிலையைச் சுவைத்து விலை சொல்கிறவர்களின் குறைப் பட்டியலில் புகைநாற்றத்துக்கென்றே தனிச் சொல் இருக்கிறது. காய வைக்கிற மெஷினின் சூளையில் எங்காவது ஒரு கசிவு இருந்து, புகை இலையில் பட்டுவிட்டால் அந்தத் தூள் விலை இறங்கும். (சீனாவில் வேண்டுமென்றே பைன் மரப் புகை காட்டி ஒரு தேயிலை செய்கிறார்கள். அது வேறு கதை, நம்ம ஊர்த் தூளை அப்படி யாரும் வாங்கமாட்டார்கள்.)

இத்தனைக்கும் இலங்கைத் தேயிலை பிறந்ததே அடுப்பில்தான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது அவருக்கு ஃபெக்டரி என்று தனியாக ஒன்று கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால் கொழுந்தை உருட்டினார்கள், மண் அடுப்பில் கரி போட்டு அதன்மேல் கம்பித் தட்டு வைத்துக் காயவைத்தார்கள். கரி என்பதைக் கவனியுங்கள். விறகைப் போட்டால் புகையும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. டெய்லர் குடியிருந்த மரக் குடிசை இன்று இல்லை, அதன் கணப்படுப்பும் புகைபோக்கியும்தான் மிஞ்சி நிற்கின்றன. துரை குளிர் காய்ந்த இடத்தில் புகைபோக்கி இருந்தது என்பதற்குச் சாட்சி மாதிரி.

அதற்குப் பிறகு வந்தது இன்னும் பெரிய கெட்டித்தனம். இந்தியாவில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த சாமுவேல் டேவிட்சன் என்பவர் ஊர் திரும்பி 1881இல் பெல்ஃபாஸ்டில் ஒரு கம்பனி தொடங்கினார். சிரோக்கோ என்ற பெயரில் அவர் செய்த காய்ச்சல் இயந்திரங்கள் தேயிலை விளைகிற நாடெல்லாம் போயின. விஷயம் இவ்வளவுதான்: விறகு ஒரு பக்கம் எரியும், அந்தச் சூடு இரும்பைச் சுட வைக்கும், சுட்ட இரும்பைத் தொட்டுக்கொண்டு போகிற சுத்தமான காற்று மட்டும் இலைக்குப் போகும். புகை தனி வழியாய் உயரமான குழாயில் வெளியே போய்விடும். தீயின் சூடு வேண்டும், தீயின் புகை வேண்டாம். மலைநாட்டில் அரைவாசி ஃபெக்டரிகளைத் தூரத்திலிருந்து நாம் அடையாளம் காண்பதே அந்தக் குழாயை வைத்துத்தானே?

இலைக்காக இவ்வளவு யோசித்த தோட்டம், அந்த இலையைப் பறிக்கிறவளின் அடுப்புக்கு ஒரு குழாய் வைக்க நூற்றைம்பது வருஷமாக யோசிக்கவில்லை. தெரியாமல் விட்டார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தெரிந்தவர்கள் ஒரே மலையில், ஒரே கல்லை வைத்து, ஒரே மேசன்மாரைக் கொண்டு ரெண்டையும் கட்டினார்கள்.

இது எனக்கு உறைத்தது என் மாமா சொன்ன ஒரு வேலைக் கதையால். மாமா மேசன். பழைய பங்களா ஒன்றை லொட்ஜாக மாற்றுகிறார்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே ஃபயர்ப்ளேஸ் சாதாரணமாகச் சுவரின் நடுவில் இல்லை, அறையின் மூலையில் முக்கோணமாக வெட்டினாற்போல் இருக்கிறது, மேலே வளைவு. பக்கத்து அறையிலும் அதே மூலையில் இன்னொன்று. முதுகோடு முதுகு ஒட்டிய ரெண்டு அடுப்புக்கும் கூரைக்கு மேலே ஒரே கல் தூண், உள்ளே தனித்தனி ரெண்டு வழி. கல்லும் மிச்சம், கூரையில் ஓட்டையும் ஒன்றுதான். பார்க்க அழகு, ஆனால் இந்த மாதிரி மூலை அடுப்பு அடிக்கடி அறைக்குள்ளேயே புகையைத் தள்ளும். வாய் அகலமாக இருந்து புகைவழி குறுகலாக இருந்தால் இழுவை பத்தாது. வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வழிக்கு இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. லொட்ஜுக்கு வருகிற வெள்ளைக்காரர் இருமக்கூடாதே. ஆகவே அதற்குள் ஒரு இரும்பு ஸ்டவ்வை இறக்கச் சொன்னார்கள்.

மாமா அதை விவரித்தது ஒரு ஆப்பரேஷன் மாதிரி இருந்தது. பெட்டி சதுரம், அடுப்பு முக்கோணம், ரெண்டும் பொருந்தாது. அட்டையில் அச்சு வெட்டி வைத்துப் பார்த்து, பின்பக்கம் குறுகலான ஸ்டவ்வாகத் தேடி, முன்னால் கொஞ்சம் நீட்டி நிறுத்தி, தரையில் கல் பலகை அகலமாகப் பதித்தார்களாம். வளைவுக்கு மேலே திறந்து கிடந்த இடத்தை இரும்புத் தகட்டால் அடைத்து, தகட்டில் ஒரு துளை, துளை வழியாகக் குழாய், குழாய் தூணின் உச்சி வரை. நடுவில் விட்டுவிட்டால் அகலமான பழைய வழிக்குள் புகை குளிர்ந்து, கரி படிந்து, இழுவை செத்துவிடும். அதனால் முழு உயரத்துக்கும் போட்டார்கள். பலன் என்ன? திறந்த ஃபயர்ப்ளேஸில் எரிகிற விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறையில் தங்கினாலே பெரிய விஷயம், மிச்சமெல்லாம் மேலே போய்விடும். கதவு மூடிய நல்ல இரும்பு ஸ்டவ்வில் பாதிக்கு மேல் அறைக்கே கிடைக்கும். ஐரோப்பாக்காரர்கள் இதில் இருநூறு வருஷத்துக்கு மேலாகத் தலையை உடைத்திருக்கிறார்கள். 1796இலேயே ரம்ஃபோர்ட் என்பவர் ஃபயர்ப்ளேஸின் பக்கச் சுவர்களைச் சாய்த்து, தொண்டையை ஒடுக்கி, புகையைக் குறைத்துச் சூட்டைக் கூட்டும் முறையை எழுதி வைத்தார்.

வேலையைச் சொல்லி முடித்துவிட்டு மாமா சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்: "இந்தா பாரு, நம்ம டபுள் லயத்துல நாலு காம்பரா ஒரு மூலையில முட்டுதுல்ல? பங்களாவுல ரெண்டு அறை முட்டுற மாதிரிதான். அந்த மூலையில ஒரு தூண எழுப்பி நாலு வழி விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஒருத்தனுக்கும் தோணல பாரு."

எனக்கு அது பேச்சுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

லயத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். நீளமாக ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், முன்னால் சின்ன இஸ்தோப்பு. டபுள் லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டி ரெண்டு வரிசை, பின்சுவரில் ஜன்னல் வைக்கவே இடமில்லை. குசினி என்று தனியாக எதுவும் வரைபடத்தில் இல்லை. இஸ்தோப்பின் ஒரு மூலையை மறைத்தோ, உள்ளேயோதான் அடுப்பு. மேலே தகரம். தகரத்தின் அடியைத் தடவிப் பார்த்தால் தார் மாதிரி கையில் ஒட்டும், அது மூன்று தலைமுறைச் சாப்பாடு. அடுப்புக்கு மேலே அட்டல் போட்டு ஈர மிலாறை அடுக்கிக் காயவைப்போம். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைதான் மிலாறு. மழைக் காலத்தில் அது எரிவதைவிடப் புகைவதே அதிகம். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவள்தான் அன்றிரவு அந்தப் புகைக்கு முன்னாலும் குந்துகிறாள்.

புகை கெடுதி என்று விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் "எங்க அம்மாயி எழுபது வருஷம் ஊதுனாங்க, ஒன்னும் ஆகல" என்று ஒருத்தர் வருவார். ஆகவே: வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் அகாலமாகச் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் ரெண்டு லட்சத்துக்கு மேல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். நெஞ்சுவலி, பக்கவாதம், நியூமோனியா, நுரையீரல் புற்றுநோய் எல்லாம் அந்தக் கணக்கில் வருகிறது, கண்புரைக்கும் புகையோடு தொடர்பு உண்டு. அம்மாயியின் கண்ணில் புரை எடுத்தது எந்த வயதில் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சரி, எதிர்ப்பேச்சுக்கு வருவோம். நான் இதைப் பேசினால் நாலு விதமான பதில் கிடைக்கிறது.

"கேஸ் வாங்க வேண்டியதுதானே?" வாங்கினோம். 2021 கடைசியில் ஊரெல்லாம் சிலிண்டர் அடுப்புகள் வெடித்த செய்தி வந்தது. 2022இல் சிலிண்டரே இல்லை, வெறும் சிலிண்டரைச் சங்கிலியில் கட்டி ரோட்டில் வரிசை. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய். அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் போராடி 2021இல்தான் கிடைத்தது, அதுவும் நிர்ணயித்த கிலோ கொழுந்து கொடுத்தால். ஐந்து நாள் மலையேறினால் ஒரு சிலிண்டர். கேஸ் அடுப்பு துணி போர்த்தி மூலைக்குப் போனது, மிலாறு திரும்பி வந்தது. தோட்டம் மட்டுமில்லை, 2012 கணக்கெடுப்பில் நாட்டு வீடுகளில் முக்கால்வாசி விறகில்தான் சமைத்தன. அதோடு நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தை மாதத்தில் புல்லில் உறைபனி விழுகிற ஊர் இது. இங்கே அடுப்பு சோறாக்க மட்டும் இல்லை. பிள்ளை சுற்றி உட்கார்ந்து படிக்கிறது, ஈரத் துணி காய்கிறது, கிழவர்கள் கை காய்கிறார்கள். சோறு வெந்ததும் கேஸை அணைத்துவிடுவோம், குளிர் அணையாது. பங்களாக்காரனுக்கு இந்தக் குளிர் தெரிந்திருந்தது, அறைக்கு ஒன்றாகக் கணப்படுப்பு கட்டிக்கொண்டான்.

"நல்ல மண் அடுப்பு இருக்கே?" இருக்கிறது. 1980களிலிருந்து இலங்கையில் பரப்பப்பட்ட அனகி அடுப்பு. சுட்ட மண்ணில் ஒரே வார்ப்பு, ரெண்டு வாய், விறகு உண்மையிலேயே மிச்சம். குயவர்களுக்கும் பிழைப்பு கொடுத்தது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. குறைவான விறகு, ஆகவே குறைவான புகை. அந்தக் குறைவான புகையும் அதே அடைத்த காம்பராவுக்குள்தான் நிற்கிறது.

"புகைபோக்கி வச்சுப் பார்த்தாச்சு, சரிவரல." இதுதான் கொஞ்சம் படித்த பதில், இதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1980களிலிருந்து 2002 வரை அரசாங்கமே கோடிக்கணக்கில் புகையில்லா அடுப்பு கொடுத்தது. நிறைய உடைந்தன, குழாய் அடைத்தது, சனம் பழைய அடுப்புக்கே போனது. ஒடிசாவில் குழாய் வைத்த மண் அடுப்புகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து எஸ்தர் டுஃப்லோவும் கூட இருந்தவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் சொன்னது: முதல் வருஷம் புகை குறைந்தது, பிறகு யாரும் பராமரிக்காததால் பலன் கரைந்துவிட்டது. ஆனால் குவாட்டமாலாவைப் பாருங்கள். அங்கேயும் மலை, அங்கேயும் குளிர், தரையில் திறந்த அடுப்பு. கிர்க் ஸ்மித் குழு ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளில் பாதிக்குச் செங்கல்லும் இரும்புத் தகடும் குழாயும் வைத்துத் திடமாக அடுப்பு கட்டி, ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்த்து, பழுதைச் சரி பண்ணிக் கொடுத்தார்கள். 2011இல் முடிவு வந்தது. நியூமோனியாவை மொத்தமாக எடுத்தால் குறைவு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான நியூமோனியா மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருந்தது. ரெண்டு ஆய்வும் சேர்ந்து எனக்குச் சொல்வது ஒன்றுதான்: மண்ணில் ஒட்டவைத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் உடையும், கட்டிடத்தின் பாகமாகக் கட்டி வருஷா வருஷம் துடைத்தால் நிற்கும். பங்களாவின் புகைபோக்கி நூறு வருஷம் நின்றது மந்திரத்தாலா? அதைத் துடைக்க ஆள் இருந்தது. அந்த ஆள் லயத்திலிருந்துதான் போனார்.

நாலாவது பதில் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தது: "லயம் தற்காலிகம், எப்படியும் தனி வீடு வரப்போகுது." இந்தத் தற்காலிகம் கோப்பிக் காலத்தில் தொடங்கியது. 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் மறுபடி கம்பனிகள் கையில் வந்தன. அடுப்பு இருந்த மூலையிலேயே இருந்தது. இப்போது தனிக் காணியில் 550 சதுர அடி வீடு வருகிறது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்தபோது ஊரே அங்கேதான் நின்றது. வீடு வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். நான் போய்ப் பார்த்த புது வீடுகளில் குசினி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. விறகு எரித்தால் புகை எப்படிப் போகும் என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் குடிவந்த சனம் வெள்ளைச் சுவர் கறுத்துவிடுமே என்று பயந்து பின்னால் நாலு தகரத்தை நட்டு இன்னொரு குசினி போட்டிருக்கிறது. வீடு புதுசு, அடுப்பு பழைய லயத்திலேயே நிற்கிறது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது, அதுதான் என்னை ஆத்திரப்பட வைக்கிறது. கையில் காசு உள்ள ஒருத்தர், சொந்தச் செலவில், தன் காம்பராக் கூரையில் ஒரு குழாய் விடலாம் என்று நினைத்தாலும் அது அவர் கூரை இல்லை. லயம் தோட்டத்துடையது. ஒரு செங்கல் கூட்டி வைக்க ஒப்பிஸுக்குப் போகணும், துரையைப் பார்க்கணும், கடிதம் வரணும். வரும்வரை யாருக்கும் தெரியாமல் தகரத்தில் ஓட்டை போட்டு மெல்லிய குழாயைச் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து, நானே வேண்டாம் என்பேன். சுட்ட குழாய் காய்ந்த மரச் சட்டத்தை உரசிக்கொண்டு போனால் தீப்பிடிக்கும், ஒரு காம்பராவில் பிடித்தால் ஒரே கூரைக்குக் கீழே உள்ள அத்தனை குடும்பமும் ரோட்டுக்கு வரும். ஒழுங்காகச் செய்ய உரிமை இல்லை, ஒழுங்கில்லாமல் செய்தால் உயிருக்கு ஆபத்து. இந்த இடுக்கில்தான் நம் அம்மாக்கள் ஊதிக்கொண்டு இருக்கிறார்கள்.

என்ன கேட்கலாம் என்று மாமாவோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். டபுள் லயத்தில் நாலு காம்பரா சேரும் மூலையில் செங்கல் தூண், உள்ளே நாலு தனி வழி. ஒரே வழியில் நாலு அடுப்பையும் விட்டால் பக்கத்து வீட்டுப் புகை நம் வீட்டுக்கு வரும், அதனால் தனித்தனி. அடுப்பை இஸ்தோப்பிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுவர வேண்டும், காற்று உள்ளே வர முன்பக்கம் கீழே ஒரு துவாரமும் வேண்டும். தூண் கூரை முகட்டைத் தாண்டி மூன்று அடியாவது ஏற வேண்டும், இல்லையென்றால் காற்று அடிக்கும்போது புகை திரும்பும். தூணைச் சுற்றி மரச் சட்டத்தை வெட்டி இடைவெளி விட வேண்டும். அடியில் கரி அள்ள ஒரு சின்ன வாசல். அடுப்பு மூடியதாக, மேலே ரெண்டு வாயில் சட்டி உட்காரும்படி. இரும்பு வேண்டும் என்றுகூட இல்லை, செங்கல்லும் ஒரு வார்ப்புத் தகடும் போதும். சிங்கிள் லயத்துக்கு ரெண்டு காம்பராவுக்கு ஒரு தூண். தோட்டத்தில் மேசன் இருக்கிறார், கல் இருக்கிறது, ஃபெக்டரிக் குழாயைப் பராமரிக்கத் தெரிந்தவரும் இருக்கிறார். புதுசாய் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

புது வீடுகளுக்கு இது இன்னும் சுலபம், கூரை போடுவதற்கு முன்னால் கேட்டால். அடுத்த முறை உங்கள் தோட்டத்தில் வீட்டுத் திட்டக் கூட்டம் வைத்தால், தலைவர் மாலை வாங்கி முடித்ததும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். குசினி எங்கே என்று பாருங்கள், அதன்மேல் விரலை வையுங்கள். "சேர், இதுல விறகு எரிச்சா புகை எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். பதில் வரைபடத்தில் கோடாக வரும்வரை விரலை எடுக்காதீர்கள்.